அருந்ததியின் இலை

ஹமர்பெஸ்ட், நோர்வே
14.01.2024

அன்புள்ள மேனுகாவுக்கு,

நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் நோவும் உன் இருமலும் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உறைக்குள் இரண்டு தாள் இருக்கும். நீலத் தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. இது உனக்கு மட்டும். தொலைபேசியில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நின்று, சத்தமாகப் போடச் சொல்லுவா. அதனால்தான் இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டுகிறேன்.

இங்கே சூரியன் போய் இரண்டு மாதமாகிறது. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாகும், பிறகு திரும்பவும் இருட்டிவிடும். மீன் தொழிற்சாலையில் வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே நின்று நாள் முழுக்க முள் பிடுங்குகிறேன். ஸ்கந்தபுரத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்த கை. வருகிற புரட்டாதியோடு நான் வந்து மூன்று வருஷம். அதற்குப் பிறகு நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பம் எழுதலாம். அதுவரை உன் அத்தான் ஜெயந்தனின் மனைவி என்ற ஒரே காரணத்தால்தான் எனக்கு இங்கே இடம்.

முந்தநாள் உன் அத்தானுக்கு அந்த இலைக் கதையைச் சொன்னேன். 2009 பங்குனியில், சண்டைக்குள், செல் குண்டு விழுந்த இடத்திலிருந்து என்னைத் தூக்கிக் கப்பலில் ஏற்றியது. நான் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடக்க, செத்துப்போனேன் என்று ஆரோ உங்களுக்குச் சொன்னது. நீங்கள் அகதி முகாமில் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதற்கு என் பேரைச் சொல்லிக் கொள்ளி வைத்தது. வருஷம் முடியத் திவசம் கொடுத்து இலை போட்டது. அதற்குப் பிறகு நான் உங்களைத் தேடிப் பிடித்து வந்தது. அடுத்த பங்குனியிலும் அம்மா இலையைப் போட்டு, "தொடங்கினதை நிப்பாட்டக் கூடாது, நீயே இருந்து சாப்பிடு" என்று என்னை இருத்தியது. இங்கே வரும்வரை ஒவ்வொரு பங்குனியும் என் திவசச் சோற்றை நானே சாப்பிட்டது. எல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் ஆரைக் கட்டினனான்?" என்று சிரித்தார். பிறகு எழும்பிப் போய் மற்ற அறையிலும் லைட்டைப் போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "இப்ப அதை ஆர் சாப்பிடுறது?" என்று கேட்டார். நான் இங்கே வந்த பிறகு இரண்டு பங்குனி போய்விட்டது. நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஸ்கந்தபுரம்
11.02.2024

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு தெருவில் போகிற ஒருவரையும் விடாமல் விசாரிக்கிறா. எனக்கு இருமல் போய்விட்டது. அத்தானையும் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இந்தமுறை வெள்ளாமை பரவாயில்லை. மயில்தான் நெல்லைத் தின்று ஆளை விழுத்துகிறது. வெடி கொளுத்திப் போட்டால் ஒரு அடி தள்ளி நின்று எங்களைப் பார்க்கிறது. நான் படிப்பிக்கிற முன்பள்ளியில் இந்த வருஷம் பிள்ளைகளின் தொகை கூட.

ஒரு கதை. சிரிக்காதீர்கள். கண்டாவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பேர் செந்தூரன், உழவு மெஷின் திருத்துகிறவர், நாற்பது வயது. "முப்பத்தெட்டு வயசுப் பொம்பிளைக்கு இதுக்கு மேல என்ன ராசகுமாரனே வருவான்" என்று அம்மா அவருக்கு முன்னாலேயே சொன்னா. அவர், "நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான் அம்மா" என்றார். ஆள் பிழையில்லை போலத்தான் இருக்கிறது.

இலை விஷயத்தை நான் பார்த்துக்கொள்ளுகிறேன். நீங்கள் அங்கே குளிருக்குள் நின்று அதை யோசிக்க வேண்டாம்.

அன்புத் தங்கை,
மேனுகா


ஹமர்பெஸ்ட்
08.03.2024

அன்புள்ள மேனுகாவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். இங்கே எல்லோரும் நலம். செந்தூரன் கதையை அத்தானுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். சம்மதம் என்று சொல்லு.

பார்த்துக்கொள்ளுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எப்படி என்று எழுதவில்லை. போன பங்குனியில் அந்த நாள் நான் வேலையில் நின்றேன். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. வயிறு நிறைந்து கிடந்தது. வாயில் வாழையிலை மணம். பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் மணக்கிறதா என்று கேட்டேன். மீன்தான் மணக்கிறது என்றாள்.

அதற்கு முந்திய பங்குனியும் அப்படித்தான். ஆர் சாப்பிடுகிறது, மேனுகா?

அன்புடன்,
அக்கா


ஸ்கந்தபுரம்
21.04.2024

அன்பான அக்காவுக்கு,

வருஷம் நல்லபடி பிறந்தது. அம்மா சுகம். நானும் சுகம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான்தான்.

நீங்கள் போன பிறகு வந்த முதற் பங்குனியில் அம்மா நடு அறையில் இலையைப் போட்டுவிட்டு, தானும் சாப்பிடாமல் பொழுதுபடும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா. "ஒருத்தரும் இருக்காட்டில் எப்பிடி இலையை எடுக்கிறது, பிள்ளை?" என்றா. பார்க்க ஏலாமல் உங்கள் பச்சைக்கரைச் சேலையை எடுத்துச் சுத்திக்கொண்டு போய் இருந்தேன். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். அம்மாவும் சந்தோசமாகப் போட்டா. அடுத்த வருஷமும் அப்படியே.

இந்தமுறை கொஞ்சம் வித்தியாசம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழும்ப, "அருந்ததி, கொஞ்சம் பாயாசம் விடட்டே?" என்று உங்கள் பேரைச் சொல்லிக் கேட்டா. நான் ஓம் என்றேன். அன்று முழுக்க அருந்ததிதான். அடுத்த நாள் காலையில் சேலை மாற்றி, முன்பள்ளிச் சட்டையோடு வெளிக்கிட, "எங்க அருந்ததி வெளிக்கிட்டிட்டாய்?" என்றா.

இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறா. பயப்பட ஒன்றுமில்லை. வயசு போனால் பேர் மாறுகிறதுதானே. நான் ஏன் என்று கேட்காமல் போகிறேன். அதுதான் லேசு.

அன்புடன்,
மேனுகா


ஹமர்பெஸ்ட்
02.06.2024

அன்புள்ள மேனுகாவுக்கு,

இது கிடைக்கிற நேரம் நீயும் அம்மாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.

இப்போது இங்கே சூரியன் விழுவதே இல்லை. திரைச்சீலைக்கு மேல் போர்வையும் தொங்கவிட்டுத்தான் படுக்கிறோம். உன் கடிதத்தை எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன். இனி அம்மா அப்படிக் கூப்பிட்டால் பதில் சொல்லாதே. "நான் மேனுகா" என்று சொல்லு. ஒவ்வொரு தரமும் சொல்லு. அந்தச் சேலையை ஆருக்கும் கொடுத்துவிடு.

அத்தான் என்னை உடனே போய்வரச் சொல்கிறார். இரண்டு கிழமையால் விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாதாம். எனக்குத்தான் பயம். கையில் வதிவிட அட்டை வரும்வரைக்கும் இந்த மண்ணை விட்டுக் கால் எடுத்தால் திரும்ப வைக்க விடமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. இன்னும் கொஞ்ச மாதம்தான். பொறுத்துக்கொள்.

செந்தூரன் வீட்டார் எப்போது வருகிறார்கள்? அதை எழுது. அதை மட்டும் எழுதினாலும் போதும்.

அன்புடன்,
அக்கா


ஹமர்பெஸ்ட்
25.08.2024

மேனுகா,

சுகமா? பதில் வரவில்லை. தொலைபேசி எடுத்தால் அம்மாதான் கதைக்கிறா. "தங்கச்சி எங்க?" என்றால், "உள்ளுக்க இருக்கிறாள்" என்கிறா. பேரைக் கேட்டால் வேறு கதை கதைக்கிறா. பின்னால் உன் காலடிச் சத்தம் கேட்கிறது. ஏன் வந்து கதைக்கிறாய் இல்லை?

அக்கா


ஸ்கந்தபுரம்
13.10.2024

அன்பான அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம். எழுதப் பிந்திவிட்டது. குறை நினைக்க வேண்டாம்.

போன மாதம் செந்தூரன் தாயோடு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா, "இவாதானே மேனுகா?" என்று கேட்க, எங்கள் அம்மா சொன்னா, "இல்லை. மேனுகா வெளிநாட்டில கட்டிப் போயிட்டாள். இவள் மூத்தவள் அருந்ததி. பங்குனியில செத்தவள்."

அந்த அம்மா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே இருந்தா. செந்தூரன் மட்டும் ஒரு மிடறு குடித்துவிட்டு, "செத்த ஆக்கள் போட்டாலும் தேத்தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முகம் சிரிக்கவில்லை. இல்லை, நான் மேனுகா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பேர் நாக்கில் வர நேரம் எடுத்தது. அதற்குள் தாய்க்காரி எழும்பிவிட்டா.

அவர் இன்னமும் தொலைபேசி எடுக்கிறார். நான் எடுப்பதில்லை. முன்பள்ளியையும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து அழத் தொடங்கின.

அக்கா, ஒன்று சொல்லட்டுமா? இப்படி இருக்கிறது பெரிய ஆறுதல். ஒருவரும் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் இவ்வளவு வருஷமும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை.

அன்புடன்,


(கையெழுத்து இடப்படவில்லை.)


ஹமர்பெஸ்ட்
09.12.2024

என் அன்புத் தங்கச்சி மேனுகாவுக்கு,

அத்தானும் நானும் நலம். உன் கடிதத்தின் அடியில் பேர் இல்லை. மறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது.

விரலடையாளம் கொடுக்கப் போன நாளைச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் விரலை வைத்தேன். ஒன்றும் விழவில்லை. மற்ற விரல், மற்றக் கை, ஒன்றும் இல்லை. உப்பிலும் குளிரிலும் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்துபோவது உண்டு என்று அங்கே வேலை செய்கிற பிள்ளை சொன்னாள். எனக்கு அது கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேல் என் கை கிடக்கிறது, மெஷின் அங்கே ஆருமில்லை என்கிறது. அவள் எழும்பி வந்து, என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, களிம்பு பூசித் தேய்த்தாள். வெதுவெதுப்பான கை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெருவிரல் மட்டும் மங்கலாக விழுந்தது. அந்த ஒரு விரலைக் கண்டு நான் அழுதேன். அவள் களிம்பு எரிகிறதாக்கும் என்று நினைத்தாள்.

முடிவு வந்ததும் அத்தான் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னார். இனி அவருடைய மனைவி என்பதற்காக அல்ல, நானாகவே இங்கே இருக்கலாமாம். அதை வாசிக்கும்போது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அன்றைக்குக் கூப்பிட்ட ஆட்கள் கேக் வெட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, "இனி நான் இல்லாட்டிலும் உனக்கு ஒண்டும் இல்லை. இருப்பியே?" என்று கேட்டார். "எங்க போறது?" என்றேன். அவரும் நானும் முதல்முறை சந்தித்தவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்தோம். கட்டி மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் கேட்டு நான் ஓம் சொன்ன மாதிரி இருந்தது.

சந்தோசமா என்று நீ கேட்பாய். சந்தோசம்தான். ஆனால் அந்த அட்டையில் இருக்கிற முகத்தைப் பார்க்கும்போது, இவள் இனி இங்கேதான் என்றால் ஸ்கந்தபுரத்தில் இருக்கிறது ஆர் என்று கேட்கத் தோன்றுகிறது.

பங்குனிக்கு விமான ரிக்கெற் போட்டுவிட்டேன். வருகிறேன். அந்த இலையில் நீ இருக்காதே.

அன்புடன்,
அக்கா அருந்ததி


ஸ்கந்தபுரம்
06.01.2025

அன்புள்ள மேனுகாவுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் உன் அவரும் அங்கே சுகமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி.

உனக்கு நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது. நல்லது. நீ சின்ன வயதிலிருந்தே குளிருக்குப் பயப்படாதவள். எனக்கும் இங்கே இடம் உறுதியாகிவிட்டது. இனி நீ அலைய வேண்டாம். பங்குனிக்கு வராதே. நீ வந்தால் அம்மா குழம்பிப்போவா. இலையில் இருக்க நான் இருக்கிறேன்.

வடிவாகச் சாப்பிடு. என்னைப் பற்றி யோசிக்காதே. எனக்கு இப்போது பசியும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

இப்படிக்கு,
அக்கா அருந்ததி


ஹமர்பெஸ்ட்
29.01.2025

மேனுகா,

முதலில், நீ எனக்கு ஒருநாளும் நீ என்று எழுதினதில்லை. கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தார். "இது உன்ர கையெழுத்து" என்றார். என் பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உண்மைதான்.

இந்தமுறை நீலத் தாள் மட்டும்தான். அம்மாவை இருத்தி, அவாவுக்கு முன்னால் நின்று, கீழே இருப்பதை நல்ல சத்தமாக வாசி. ஒரு சொல்லையும் விடாதே. நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இதை மட்டும் செய்.

அம்மா, நான் அருந்ததி. கடலுக்கு இந்தப் பக்கம் நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் நின்று இதை வாசிக்கிறவள் மேனுகா. அவள் சாகவில்லை. நானும் சாகவில்லை. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அவள் மாங்காய்க்கு உப்புப் போடாமல் சாப்பிடுவாள். சிரித்தால் விக்கல் வரும். அவளைக் கட்ட ஒருத்தர் இன்னமும் தொலைபேசி எடுக்கிறார். அந்தத் திவசச் சோறு என்னுடையது. அதை அவளுக்குப் போடாதீர்கள். பங்குனியில் நான் வந்து அந்த இலையில் இருக்கிறேன். உங்களுக்கு ஆரையாவது அருந்ததி என்று கூப்பிட வேண்டுமென்றால் நான் வரும்வரைக்கும் பொறுங்கள். இப்போது உங்களுக்கு முன்னால் நிற்கிறவளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மேனுகா, மேனுகா, மேனுகா.

உங்கள் மகள்,
அருந்ததி


ஸ்கந்தபுரம்
02.03.2025

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இந்தமுறை உண்மையாகவே எழுதுகிறேன்.

வாசித்தேன். அம்மா கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. நீங்கள் மூன்று தரம் எழுதியிருந்த என் பேரை வாசிக்கும்போது முதலாவது தரம் குரல் வரவில்லை. மூன்றாவது தரம் கத்திவிட்டேன். முற்றத்தில் கோழி எல்லாம் சிதறி ஓடியது. பிறகு விக்கல் எடுத்தது.

அம்மா கண்ணைத் திறந்து, "ஏன் கத்துறாய் மேனுகா? எனக்குக் காது கேக்கும்" என்றா.

"அப்ப நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"பெத்தவளுக்குத் தெரியாதே? நீ அவளின்ர இலையில போய் இருந்தாய். இலையில இருக்கிறவளின்ர பேரைச் சொல்லித்தானே கூப்பிட வேணும். ஒருத்தி இங்க எண்டால் மற்றவள் அங்க. நீயா எழும்புவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீ எழும்பேல்லை."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அந்த இலையே வேண்டாம். நானும் அக்காவும் உயிரோட இருக்கிறம். பிறகு ஆருக்கு அது?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை, முன்பள்ளியில் விளங்காத பிள்ளையை நான் பார்ப்பேனே, அப்படி. "உங்கள் இரண்டு பேருக்கும் ஏன் திவசம்?" என்றா. "நாங்கள் முகாமில தர்ப்பையில ஒரு பிள்ளை செய்து, பேர் வச்சு, கொளுத்தினனாங்கள். அவள் அதுக்கு முதல் ஒரு நாளும் இருந்ததில்லை. பேரைத் தந்துபோட்டுப் பசியோட விடுறதே? முதல்ல அவள் வரேல்லை. அதுதான் மூத்தவள் கொக்காவை இருத்தினனான், பேர் ஒண்டுதானே எண்டு. கொக்கா வெளிக்கிட்டுப் போன பிறகுதான் அவள் வரத் தொடங்கினவள். வந்தால் நீ இலையில இருக்கிறாய். மூண்டு வருஷமா வாசல்ல நிண்டிட்டுப் போறாள்."

செந்தூரனின் தொலைபேசியை அன்றைக்குத்தான் எடுத்தேன். "செத்த வீட்டுக்கு எப்ப வாறது?" என்று கேட்டார். சித்திரைக்கு வரச் சொன்னேன். தாயைச் சமாளிக்கிறது தன் பொறுப்பாம். பச்சைக்கரைச் சேலையையும் கொடுத்துவிட்டேன். நீங்கள் பங்குனிக்குக் கட்டாயம் வாருங்கள். உங்களுக்கு இலையில் இல்லை, என்னோடு குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் பீங்கான் தட்டில்தான் சோறு என்று அம்மா சொல்லச் சொன்னா.

இதையும் எழுதத்தான் வேண்டும். வியாழக்கிழமை அமாவாசை. பங்குனி வரைக்கும் பொறுக்க ஏலாது, பிள்ளை கனகாலமாகப் பட்டினி என்று அம்மா அன்றைக்கே சமைத்தா. நடு அறையில் இலையைப் போட்டு, சோறும் கறியும் படைத்து, செம்பில் தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு விறாந்தையில் வந்து இருந்தா. நல்ல வெயில். பக்கத்து வளவில் ஆரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசினா. எனக்கு இது விசர், பைத்தியக்கூத்து என்றே பட்டது.

அப்போது உள்ளே செம்பைத் தூக்குகிற சத்தமும், பிறகு நிலத்தில் வைக்கிற சத்தமும் கேட்டது.

அம்மா சிரித்தா. "அவள் தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் சோத்தில கை வைப்பாள்" என்றா.

அக்கா, உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எனக்கும் இல்லை.

உங்கள் தங்கை,
மேனுகா